விளக்கடியில் நிறம் மாறும் கல்

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ துணிக்கடைக்குப் போகும் நம் பெண்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கடைக்காரர் எத்தனை புடவைகளை விரித்துப் போட்டாலும், மனத்துக்குப் பிடித்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வருவார்கள். வெயிலில் ஒரு தடவை பிரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேச்சு. உள்ளே விளக்கின்கீழ் மயில் கழுத்து நிறமாகத் தெரிந்தது வெளியே வந்ததும் வெறும் பச்சையாகிவிடுவது உண்டல்லவா? அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சம் செய்யும் வேலை அது.

இந்த வேலையைப் புடவையைக் காட்டிலும் பன்மடங்கு துலக்கமாகச் செய்து காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பகலில் பச்சை, அதே கல் இரவில் குத்துவிளக்கின் அருகே சிவப்பு. பகலில் மரகதம், இரவில் மாணிக்கம் என்று அதை வருணிப்பார்கள். அதன் பெயர் அலெக்ஸாண்ட்ரைட். பெயர் நம் வாயில் எளிதில் நுழையாது. ஆனாலும் இந்தக் கல்லுக்கும் நமக்கும் உறவு உண்டு. அந்த உறவைச் சொல்லத்தான் இன்றைய பேச்சு.

பால்மரமும் செம்பனையும் நம்பிப் பிழைத்தவர்களுக்கு இரத்தினக் கல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாகிப் போயின. ஷா ஆலாம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். 1995இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயா முன்பு பிராங் பெசார் தோட்டமாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் கையில் இழப்பீட்டுத் தொகை என்று ஏதோ கொஞ்சம் வந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் வந்தது. ஆயுளில் ஒரே ஒரு முறை மொத்தமாகக் கையில் சேரும் பணம் அது. அப்படிப் பணம் சேரும் வீட்டின் வாசலுக்கு நிலம் விற்பவர் வருகிறார், சீட்டுப் பிடிப்பவர் வருகிறார், கிரக தோஷத்துக்குக் கல் விற்பவரும் வருகிறார். 'ரஷ்யக் கல், நிறம் மாறும், நாளைக்கு இரட்டிப்பு விலைக்குப் போகும்' என்று ஒரு மோதிரத்தை நீட்டினால், அந்தக் கல்லின் பூர்வீகம் தெரிந்தவர்கள் ஏமாறாமல் பதில் சொல்வார்கள்.

பூர்வீகம் ரஷ்யாவில்தான் தொடங்குகிறது. உரால் மலைப்பகுதியில், யெகாத்தரின்பூர்க் நகருக்கு வடகிழக்கே தொக்கோவாயா என்றோர் ஆறு ஓடுகிறது. 1830ஐ ஒட்டி, அந்த ஆற்றோரக் காட்டில் மாக்சிம் கொஜெவ்னிக்கோவ் என்ற குடியானவர், வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தடியில் பச்சைக் கற்கள் மின்னுவதைக் கண்டார் என்று சொல்வார்கள். கற்கள் யெகாத்தரின்பூர்கில் இருந்த அரசாங்கக் கல்வெட்டுப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தன. பட்டறைத் தலைவர் யாக்கோவ் கொக்கோவின் அவற்றைப் பார்த்து, மரகதம் என்று அடையாளம் கண்டார். ரஷ்யாவில் மரகதச் சுரங்கம் பிறந்தது இப்படித்தான்.

கொக்கோவினின் முடிவு நல்லதாக அமையவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1835இல் தலைநகரிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, உயர்ந்த மரகதங்களை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தார் என்று குற்றம் சாட்டினார். மனிதர் சிறைக்குப் போனார்; பெயரும் மானமும் போயின. அந்த அருமையான மரகதங்களில் சில பிற்பாடு பெரிய மனிதர்களின் சேகரிப்பில் இருந்ததையும், கொக்கோவின் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். இதைக் கேட்கும்போது நம்மவர்க்குக் கோவலன் நினைவு வராமல் இருக்காது. அங்கே பாண்டியன், பொற்கொல்லன் சொன்ன சொல்லை நம்பினான். சிலம்பை உடைத்து உள்ளே என்ன பரல் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும், மதுரையும் பிழைத்திருக்கும். நகைக்கு உள்ளே இருக்கும் கல்லைச் சோதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தமிழனுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

மரகதம் தோண்டிய அதே இடத்தில் வேறு மாதிரியான கற்களும் கிடைத்தன. பச்சையாக இருந்ததால் முதலில் அவற்றையும் மரகதம் என்றே எண்ணினார்கள். பின்லாந்தில் பிறந்த நில்ஸ் குஸ்தாஃப் நோர்டன்ஷோல்டு என்ற கனிமவியல் அறிஞரிடம் ஒரு கல் வந்தது. கீறிப் பார்த்தால் மரகதத்தைவிடக் கடினமாக இருந்தது. அது அவருக்குப் புதிர். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது பச்சைக் கல் சிவப்பாக இருந்ததாம். இதுவரை கண்டறியாத வகை என்று அவர் முடிவு கட்டினார்.

அக்காலத்தில் ரஷ்யாவின் பட்டத்து இளவரசர் அலெக்சாண்டர். அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார்கள். 1834இல் இளவரசருக்குப் பதினாறு வயது நிறைந்த நாளிலேயே இந்தக் கல் கிடைத்தது என்பது பிரபலமான கதை. கடைகளில் இன்றும் இதைச் சொல்லி விற்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. அரண்மனையின் தயவை நாடிய லெவ் பெரோவ்ஸ்கி பிரபு போன்றவர்கள் நாளைப் பொருத்தமாக அமைத்துக்கொண்டிருக்கலாம். ரஷ்யப் படையின் நிறங்களில் பச்சையும் சிவப்பும் முக்கியமானவை. இளவரசரின் பெயர், படையின் நிறம், கிடைப்பதோ அரிது. விலை ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த இளவரசர்தான் பிறகு இரண்டாம் அலெக்சாண்டர் என்ற பேரரசராக முடிசூடினார். 1861இல் ரஷ்யாவின் பண்ணையடிமைகளை விடுவித்து ஆணையிட்டார். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஒரு கையெழுத்தில் விடுதலை பெற்றார்கள். ஆனால் தாங்கள் உழுத நிலத்துக்கு ஆண்டுக்கணக்கில் மீட்புப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் உரால் மலைச் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கட்டுண்டு கிடந்தவர்களே. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது 1910இல். அதற்குப் பிறகும் கங்காணி முன்பணம் என்ற கயிறு இருந்தது. எந்த ஊர் ஆனாலும் விடுதலைக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் வருகிறது. 1881இல் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டு வீசிக் கொல்லப்பட்டார். அவருடைய நினைவாக அந்தக் கல்லை அணிந்தவர்களும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் உராலில் நல்ல கற்கள் அருகிவிட்டன. நியூயார்க்கின் டிஃபனி நகை நிறுவனத்தில் இரத்தின வல்லுநராக இருந்த ஜார்ஜ் குன்ஸ் கிடைத்த ரஷ்யக் கற்களில் பெரும்பகுதியை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். ஆகவே இன்று ஒருவர் சாதாரண மோதிரம் ஒன்றைக் காட்டி 'இது பழைய ரஷ்யக் கல்' என்றால், குன்ஸ் விட்டுவைத்தது இவரிடம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கனிமவியலார் அலெக்ஸாண்ட்ரைட்டை கிரைசோபெரில் என்ற இனத்தில் சேர்க்கிறார்கள். இதே இனத்தில் இன்னொரு கல் இருக்கிறது. உருண்டையாகத் தேய்த்து மெருகேற்றினால் பூனைக்கண் போல ஒரு வெள்ளை ஒளிக்கோடு அதன் நடுவே ஓடும். அதைத் தெரியாத தமிழர் இல்லை. நவரத்தினத்தில் கேதுவுக்கு உரியதாகச் சொல்லும் வைடூரியம்தான் அது. அலெக்ஸாண்ட்ரைட்டும் வைடூரியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நிறத்தை மாற்றும், மற்றொன்று கண் சிமிட்டும். மிக அபூர்வமாக இரண்டு குணமும் ஒரே கல்லில் அமைவதும் உண்டு.

பெயரிலும் ஓர் உறவு இருக்கிறது. 'கிரைசோ' என்றால் கிரேக்க மொழியில் பொன். 'பெரில்' என்பது கிரேக்கரின் 'பெரில்லோஸ்' என்ற சொல். அது இந்தியாவிலிருந்து போன சொல் என்பது மொழி அறிஞர்களின் கருத்து. வைடூரியம் என்பதற்குப் பிராகிருதத்தில் வழங்கிய வடிவம் 'வேருலிய'. அதுவே கடல் கடந்து பெரில் ஆயிற்று என்கிறார்கள். பழங்காலத்தில் வைடூரியம் என்ற சொல் பெரில் இனக் கற்களையும் குறித்தது. கொங்கு நாட்டில் காங்கயத்துக்கு அருகே படியூரில் கடல் நீல நிறப் பெரில் கிடைத்தது; கொங்கு மண்ணில் தோண்டும் இடங்களில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைக்கின்றன. கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. சேலம், கோவை, திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். ரோமாபுரிச் சீமாட்டிகள் அணிந்த கல்லை அறுத்துப் பட்டை தீட்டிய கைகள் எந்த ஊர்க் கைகள் என்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதில் தவறில்லை.

வைடூரியத்துக்குப் பேர்போன நாடு இலங்கை. 1879இல் விக்டோரியா மகாராணியின் மகன் கன்னாட் கோமகன் ஆர்தர், தாம் மணக்கவிருந்த ஜெர்மானிய இளவரசிக்கு வைடூரியம் பதித்த மோதிரம் கொடுத்தார். அந்த ஒரு மோதிரத்தால் ஐரோப்பாவில் பூனைக்கண் கல்லுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. அதே இலங்கை மண்ணில் அலெக்ஸாண்ட்ரைட்டும் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 65 காரட்டுக்கு மேல் எடையுள்ள பட்டை தீட்டிய அலெக்ஸாண்ட்ரைட் ஒன்று இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் அந்தக் கல் இலங்கையில் எடுத்தது.

இரத்தினபுரி என்ற பெயரே போதும், அந்த வட்டாரத்தில் என்ன விளைகிறது என்று தெரிந்துகொள்ள. வயலிலும் ஆற்றோரத்திலும் கிணறுபோல் குழி வெட்டி, பக்கங்கள் சரியாமல் மரச்சட்டம் கொடுத்து, ஊற்று நீரை இறைத்துக்கொண்டே இறங்குவார்கள். கல் கலந்த சரளைப் படிவு தட்டும் வரை வேலை. அந்தப் படிவுக்குச் சிங்களத்தில் 'இல்லம்' என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வீடு என்று தோன்றும். அங்கே குழிக்குள் இறங்குகிறவனுக்கு வீட்டில் அடுப்பு எரிவது அந்த இல்லத்தைப் பொறுத்தது. சரளையைக் கூடையில் அள்ளி, நீரில் சுழற்றிக் கழுவினால் கனமான கற்கள் அடியில் தங்கும். பல குழிகளில் கூலி என்று பெரிதாகக் கிடையாது. கல் விற்ற பிறகு நிலத்துக்காரர், பணம் போட்டவர், நீர் இறைக்கும் இயந்திரத்துக்காரர், வேலையாட்கள் எனப் பங்கு பிரியும். கல் அகப்படாத மாதத்தில் பங்கும் கிடையாது.

இந்தக் குழிகளுக்கு மேலே மலைச்சரிவில் தேயிலைத் தோட்டங்கள். பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை என்று போகும் பாதையில் லயங்களில் வாழ்கிறவர்கள் நம்மவர்களே. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அவர்களுடைய பாட்டன்மார் இராமேசுவரத்தைத் தாண்டி மன்னார் வழியாகக் கால்நடையாய் மலைக்குப் போனார்கள். கல் வியாபாரத்திலும் தமிழ் ஓசை உண்டு. பேருவளைச் சீனன்கோட்டையில் பரம்பரை பரம்பரையாகக் கல் விற்கும் சோனகர்களின் வீட்டு மொழி தமிழ். இலங்கைக் கல் மலாயாப் பக்கம் வந்த வழியும் பழையது: காலிப் பகுதியைச் சேர்ந்த பி.பி. டி சில்வா 1872இலேயே சிங்கப்பூரில் நகைக்கடை தொடங்கிவிட்டார். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1886இல்தான்.

சரி, நிறம் ஏன் மாறுகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. கல்லுக்குள் குரோமியம் என்ற உலோகம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. மாணிக்கத்தைச் சிவப்பாக்குவது இதே குரோமியம்; மரகதத்தைப் பச்சையாக்குவதும் பெரும்பாலும் இதே குரோமியம். அலெக்ஸாண்ட்ரைட்டில் அது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மஞ்சள் ஒளியை விழுங்கிவிட்டுப் பச்சை ஒளியையும் சிவப்பு ஒளியையும் ஏறத்தாழச் சமமாக வெளியே விடுகிறது. தராசு முள் நட்ட நடுவில் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் மிகுதி; முள் பச்சைப் பக்கம் சாய்கிறது. எண்ணெய் விளக்கிலும் குண்டு பல்பிலும் சிவப்பு மிகுதி. முள் சிவப்புப் பக்கம் சாய்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் அரிக்கன் விளக்கடியில் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குப் போய் மரம் வெட்டும்போது சூரியனைக் கண்டவர்களுக்கு இரண்டு வெளிச்சங்களின் வித்தியாசம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குள் இந்தக் கல் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்துவிடும்.

அருமைக்குக் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கல் உருவாகப் பெரிலியம் வேண்டும், குரோமியமும் வேண்டும். பெரிலியம் தங்கும் பாறை வேறு, குரோமியம் தங்கும் பாறை வேறு. பூமிக்கு அடியில் இரண்டும் சந்திப்பது அபூர்வம். சந்தித்த இடங்கள் மிகச் சில: உரால், இலங்கை, 1987இல் வெளிப்பட்ட பிரேசிலின் எமத்தித்தா, 1990களில் தான்சானியாவும் நம் ஆந்திர, ஒரிசாப் பகுதிகளும். கிடைக்கும் கல்லிலும் பெரும்பகுதி சிறியதாகவோ, கலங்கலாகவோ, நிறம் அரைகுறையாக மாறுவதாகவோ இருக்கும். பளிச்சென்று நிறம் மாறும் தெளிவான கல் என்றால் ஒரு காரட்டுக்கே பல்லாயிரம் வெள்ளி ஆகும்.

அப்படியானால் சில நூறு வெள்ளிக்குப் பட்டாணி அளவில் விற்கிறார்களே, அது என்ன?

இங்கேதான் கதையின் இரண்டாம் பாகம். பாரிஸில் ஒகுஸ்த் வெர்னோய் என்ற வேதியியல் அறிஞர், அலுமினியம் ஆக்சைடு தூளை எரியும் சுடரின் வழியாகச் சொரிந்து, சொட்டுச் சொட்டாகக் கட்டியாக்கி, செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் அறிவித்தார். மாணிக்கம், நீலம் எல்லாம் குரண்டம் என்ற ஒரே இனம்; கலக்கும் உலோகத்தைப் பொறுத்து நிறம் மாறும். பின்னர் அதே முறையில் வனேடியம் கலந்து ஒரு குரண்டம் செய்தார்கள். பகலில் சாம்பல் கலந்த நீலம், விளக்கில் கத்தரிப்பூ நிறம். வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறுகிறது, போதாதா? அலெக்ஸாண்ட்ரைட் என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். உலகத்தில் பலர் பாட்டி சொத்து என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் 'அலெக்ஸாண்ட்ரைட்' இந்தச் சுடரில் செய்த கல்தான். அதன் அடக்க விலை சில வெள்ளி. கல் வேலை தெரிந்தவர் உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் உள்ளே கிராமபோன் இசைத்தட்டின் வரிகள்போல வளைந்த கோடுகள் தெரியும். மண்ணில் பிறந்த கல்லில் கோடு இருந்தால் நேராக இருக்கும். வளைந்த கோடு தொழிற்சாலையின் கையெழுத்து.

வாங்குகிறவர் மனத்தில் வைக்கவேண்டியது அந்தக் கத்தரிப்பூ நிறம். நிஜமான அலெக்ஸாண்ட்ரைட் பகலில் பச்சைப் பக்கம் நிற்கும். இலங்கைக் கல் பெரும்பாலும் ஆலிவ் காயின் பச்சை, இரவில் பழுப்பு கலந்த சிவப்பு. சுத்தமான நீலத்திலிருந்து அழகான கத்தரிப்பூவுக்கு மாறும் பெரிய கல்லைக் குறைந்த விலைக்குக் கண்டால், பார்க்க அழகுதான், காதில் போட்டுக்கொள்ளலாம். சேமிப்புப் பணத்தை அதில் போட வேண்டாம்.

இன்னொரு வகை இதைவிடக் கடினம். 1973 முதல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் உண்மையான கிரைசோபெரிலையே ஆய்வுக்கூடத்தில் வளர்த்து விற்கத் தொடங்கியது; பிறகு ஜப்பானியரும் செய்தார்கள். இதைப் போலி என்று சொல்ல முடியாது. அதே கனிமம், அதே குரோமியம், அதே கடினம். பச்சையும் சிவப்பும் மாறி மாறி அழகாகக் காட்டும். ஆய்வுக்கூடக் கல் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தவறே இல்லை. அப்படிச் சொல்லாமல் விற்பதில்தான் வஞ்சனை. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. சொல்லப்போனால் பல கடைக்காரர்களாலும் முடியாது. கல் மிகத் தெளிவாக, ஒரு மறுவும் இல்லாமல் இருக்கிறதென்றால் மகிழ்ச்சிக்குப் பதில் சந்தேகம் வரவேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய நகைக்கடைகளில் எல்.இ.டி. விளக்குகள், கைத்தொலைபேசியின் விளக்கும் அதுவே. அந்த வெள்ளை வெளிச்சத்தில் பலவற்றில் சிவப்புப் பங்கு குறைவு. அசல் கல்கூட அதன்கீழ் நிறம் மாறத் தயங்கும். வெயிலில் ஒரு தடவை, பிறகு பூசை அறைக் குத்துவிளக்கின் அருகே ஒரு தடவை பார்த்தால் மாற்றம் தெரியும். ஆனால் மாற்றம் தெரிந்துவிட்டதால் அசல் என்று ஆகிவிடாது. சற்று முன் சொன்ன இரண்டு வகைகளும் மாறத்தானே செய்கின்றன? இவை போக, நிறம் மாறும் நீலக்கல்லும், கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்த சில கற்களும் இயற்கையிலேயே உண்டு.

கிரகத்துக்காக வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. நவரத்தினப் பட்டியல் அமைந்த காலத்தில் இந்தக் கல்லுக்குப் பெயரே கிடையாது. பெயர் வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில். எந்தக் கிரகத்துக்கும் அதை நம் முன்னோர் குறித்துவைக்க வாய்ப்பில்லை. ஜூன் மாதத்துக்கு உரிய கல் என்பதும் அமெரிக்க நகை வியாபாரிகள் 1952இல் திருத்திய பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கேதுவுக்கென்று வாங்குவதானால் வைடூரியத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்காவது மரபு இருக்கிறது.

எடைக் கணக்கில்தான் நம் வீடுகளில் அதிக நட்டம் நேர்கிறது. தங்கத்தில் 22 காரட் என்றால் மாற்று. கல்லில் காரட் என்றால் எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம், ஐந்து காரட் ஒரு கிராம். பவுனுக்கு 8 கிராம் என்று பார்த்தால் 40 காரட் கல் ஒரு பவுன் எடை இருக்கும். கல் வைத்த அட்டிகையைக் கல்லோடு நிறுத்துத் தங்க விலை போட்டால், சில வெள்ளி பெறும் கல்லைத் தங்க விலைக்கு வாங்குகிறோம். அதே அட்டிகையைப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக அடகுக்கடைக்குக் கொண்டுபோனால், அங்கே கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் பணம் தருவார்கள். வாங்கும்போது கணக்கில் இருந்த கல் அடகு வைக்கும்போது மாயமாகிவிடுகிறது. ஆகையால் தங்கம் இவ்வளவு, கல் இவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் நாணயமாகத் தொழில் செய்யும் கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

உண்மையிலேயே விலை உயர்ந்த கல்லை வாங்க நேர்ந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் வேண்டும். இலங்கையில் வாங்குகிறவர்கள் கொழும்பில் உள்ள தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையில் சோதித்துக்கொள்ளலாம். சான்றிதழ் விற்பவரே அச்சடித்த அட்டையாக இருந்தால் பயனில்லை. அதில் உள்ள எடையும் அளவும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்கவேண்டும். ஒரு கல்லின் சான்றிதழ் இன்னொரு கல்லோடு பயணம் செய்வது உண்டு.

ரசீதில் 'பத்து அஸ்லி', அதாவது அசல் கல் என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. சுடரில் செய்த குரண்டமும் அசல் குரண்டமே அல்லவா? 'இயற்கைக் கிரைசோபெரில், அலெக்ஸாண்ட்ரைட் வகை, இத்தனை காரட்' என்று எழுதிக் கடையின் முத்திரையும் தேதியும் இருக்கவேண்டும். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கல்லைத் தந்திருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மன்றம் அது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரை கோரலாம்; வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும், கையில் அந்த ரசீது இருக்கவேண்டும்.